சிங்கக் கிணற்றடியில் ஒரு சங்கம்

பிள்ளை வெளிதேசத்துக்குப் படிக்கப் போகிறான் என்றால் நம் வீடுகளில் முதலில் புறப்படத் தயாராவது பிள்ளை அல்ல, ஊறுகாய் ஜாடிதான். மாவடு, நாரத்தங்காய், பருப்புப் பொடி, மணத்தக்காளி வற்றல் என்று ஒரு சின்ன மளிகைக் கடையே மூட்டை கட்டிக்கொண்டு நிற்கும். துணிமணி, புத்தகம் எல்லாம் அதற்குப் பிறகுதான். கும்பகோணத்தில் என் தங்கை வீட்டில் சென்ற ஆடி மாதம் இந்த அமர்க்களம்தான் நடந்து கொண்டிருந்தது. அவள் மகன் அமெரிக்காவுக்கு, நியூயார்க்கிலிருந்து வடக்கே ஹட்ஸன் நதிக்கரையில் இருக்கும் டிராய் என்ற ஊருக்கு, எஞ்சினீயரிங் மேல்படிப்புக்குப் போகிறான்.

தங்கையின் கவலை ஊறுகாயோடு தீரவில்லை. இரவு எல்லோரும் படுத்த பிறகு மெதுவாக என்னிடம் வந்து கேட்டாள்: "ஏன் அண்ணா, அங்கே இவனுக்கு ஒரு தலைவலி, காய்ச்சல் என்றால் யார் இருக்கிறார்கள்?"

"காலேஜில் டாக்டர் இருப்பார்" என்றேன்.

"டாக்டர் இருப்பார். யார் இருக்கிறார்கள் என்றுதானே கேட்டேன்?" என்றாள்.

இதற்கு என்ன பதில் சொல்வது? பேசாமல் இருந்துவிட்டேன். அவளே மறுபடியும், "நாளைக்குக் கங்கைகொண்ட சோழபுரம் போய் வரலாம். கடாரத்துக்குக் கப்பல் விட்ட ராஜா கட்டின கோயில். கப்பல் பத்திரமாய்ப் போய்ச் சேர்ந்ததல்லவா? இவனும் போய்ச் சேரட்டும்" என்று தீர்மானம் செய்துவிட்டாள். சரித்திரப் பேராசிரியர்கள் இந்தத் தர்க்கத்தை ஒப்புக்கொள்வார்களோ என்னவோ, நான் ஒப்புக்கொண்டேன். புளியோதரை டப்பாக்களுடன் விடியற்காலையிலேயே புறப்பட்டோம்.

நீங்களும் எங்களோடு வாருங்கள். கும்பகோணத்திலிருந்து வடக்கே திருப்பனந்தாள் தாண்டி அணைக்கரைக்கு வந்து சேர்ந்தால் கொள்ளிடம் குறுக்கே படுத்திருக்கிறது. அதன்மேல் குறுகலான ஒரு பாலம். எதிரே ஒரு வண்டி வந்தால் ஒதுங்கி நின்று வழிவிட வேண்டும். நாம் பார்க்கப் போகிற கோயிலின் ஒரு பகுதி இங்கேயே தொடங்கிவிடுகிறது! ஆம், 1836ஆம் ஆண்டில் இங்கே கீழணை கட்டியபோது, கருங்கல்லுக்கு எங்கே போவது என்று யோசித்தவர்கள், கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயிலின் மதிலையும் கோபுரத்தையும் பிரித்து எடுத்து வந்துவிட்டார்கள். சோழன் கல் இன்று தண்ணீருக்கடியில் நின்று வயலுக்குப் பாய்ச்சுகிறது. ஏரி வெட்டின வம்சத்தின் கல்லுக்கு இது பொருத்தமான வேலைதான் என்று என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். ஆனாலும் மனசு கேட்கவில்லை.

பாலம் தாண்டி, சிதம்பரத்திலிருந்து ஜயங்கொண்டம் போகும் சாலையைப் பிடித்தால் சிறிது நேரத்தில் விமானம் கண்ணில் படும். அரியலூர் மாவட்டத்து முந்திரிக் காடுகளுக்கும் சோளக் கொல்லைகளுக்கும் நடுவே, யாரோ மறந்து வைத்துவிட்டுப் போனதுபோல் அது நிற்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலைவிடச் சற்றுக் குட்டை. ஏறக்குறைய 180 அடி உயரம். தஞ்சை விமானம் நேராக நிமிர்ந்து நிற்கும் அப்பா என்றால், இது கொஞ்சம் உள்வளைந்து, நளினமாய் மேலே போகும் பிள்ளை. அப்பன் ராஜராஜன் கட்டினது அது, பிள்ளை ராஜேந்திரன் கட்டினது இது என்பதை யாரும் சொல்லாமலே தெரிந்துகொள்ளலாம். நடுப்பகலில் சந்நிதி சாத்திவிடுவார்கள். ஆகையால் காலையிலேயே வந்துவிடுவது நல்லது.

உள்ளே மூலவர் 13 அடி உயரம். ஐப்பசிப் பௌர்ணமியன்று மூட்டை மூட்டையாக அரிசி வடித்து இவருக்கு அன்னாபிஷேகம் செய்கிறார்கள். தரிசனம் செய்துவிட்டு, வடக்கு வாசல் படிகளுக்கு வாருங்கள். ஒரு பக்கம், சண்டேசருக்குச் சிவபெருமான் தம் கையாலேயே பூமாலை சுற்றும் சிற்பம். படம் பிடிப்பவர்கள் எல்லோரும் அங்கேதான் நிற்பார்கள். மறு பக்கம் ஞான சரஸ்வதி. நாம் காலண்டரில் பார்க்கும் வீணை வாணி அல்ல. தியானத்தில் அமர்ந்த சரஸ்வதி. தங்கை அங்கே நின்றாள். பையிலிருந்து மருமகனின் பாஸ்போர்ட்டை எடுத்தாள். அவன், "அம்மா, வேண்டாம் அம்மா, எல்லோரும் பார்க்கிறார்கள்" என்று நெளிந்தான். அவள் கேட்கவில்லை. பாஸ்போர்ட்டைச் சரஸ்வதியின் பாதத்துக்கு நேரே ஒரு நிமிஷம் காட்டிவிட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அமெரிக்கத் தூதராலயத்து முத்திரைக்கு மேல் ராஜேந்திரன் காலத்து முத்திரையும் விழுந்துவிட்டது.

பிறகு புளியோதரைக்கு இடம் தேடினோம். கோயிலுக்கு வடபுறம் புல்தரையில் ஒரு பெரிய சிங்கம் உட்கார்ந்திருக்கிறது; செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய சிங்கம். அதன் உடலுக்குள் புகுந்து படியில் இறங்கினால் கிணறு. ராஜேந்திரன் கங்கையிலிருந்து கொண்டுவந்த நீரை இதில் விட்டான் என்பது ஊரார் சொல்லும் கதை. அந்தச் சிங்கத்துக்குப் பக்கத்தில், நிழலில், ஒரு பெண் தனியாக உட்கார்ந்து நோட்டுப் புத்தகத்தில் விமானத்தை வரைந்துகொண்டிருந்தாள். மாநிறம், கருகருவென்று நீண்ட கூந்தல். தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெண் என்றே நினைத்துத் தங்கை, "எந்த ஊர் அம்மா?" என்று கேட்டுவிட்டாள். அந்தப் பெண் விழித்தாள், பிறகு சிரித்தாள். தமிழ் தெரியவில்லை.

"போய்ப் பேசேன்டா" என்று மகனைத் தூண்டினாள் தங்கை. அவனுக்கோ கூச்சம். "முன்பின் தெரியாதவர்களிடம் என்னம்மா பேசுவது?" என்று காலால் புல்லைக் கீறினான். தங்கை ஒரு டப்பாவை எடுத்துக்கொண்டு தானே போய் அவள் கையில் வைத்தாள். சாப்பிடும்படி ஜாடை காட்டினாள். இதற்கு எந்தப் பாஷை வேண்டும்?

அதற்கப்புறம் நாங்கள் போய்ச் சேர்ந்துகொண்டோம். பெண் கொலம்பியாக்காரி என்றாள். "ஓ! நியூயார்க்கில் இருக்கிறதே, அந்தக் கொலம்பியா யூனிவர்ஸிடியா?" என்று என் ஞானத்தைக் காட்டினேன். இல்லையாம், தென் அமெரிக்காவின் வடமேற்கு மூலையில் இருக்கும் கொலம்பியா தேசமாம். தமிழில் இரண்டையும் ஒரே மாதிரி எழுதித் தொலைக்கிறோம். தென்னாட்டில் ஒரு கல்லூரியில் ஒரு வருஷம் படிக்க வந்திருக்கிறாள். வந்து ஆறு வாரம் ஆகிறது. "உங்கள் பாஷை பேசுகிறவர்கள் யாராவது உண்டா?" என்று மருமகன் வாயைத் திறந்தான். உண்டு என்று மூன்று விரலைக் காட்டினாள். இவள் ஒருத்தி, பெரு நாட்டுப் பையன் ஒருவன், மெக்ஸிகோப் பெண் ஒருத்தி. ஊரில் இருந்தால் ஒருவரையொருவர் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்களாம். இங்கே ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மூன்று பேரும் சேர்ந்து சமைக்கிறார்களாம்.

நேயர்களே, எனக்கு அந்த மூன்று விரல்கள் பெரிய விஷயமாகப் பட்டன. என் மருமகன் போகப் போகிற அதே டிராய் நகரத்துக் கல்லூரியில் நடந்த கதை ஒன்று ஞாபகத்துக்கு வந்தது. ரென்ஸலேர் பாலிடெக்னிக் என்று அதற்குப் பெயர். 1824ஆம் ஆண்டில் தொடங்கியது. பாலமும் ரயில் பாதையும் போடக் கற்றுக்கொள்வதற்காக லத்தீன் அமெரிக்க நாடுகளிலிருந்து பிள்ளைகள் அங்கே வந்தார்கள். வந்த இடத்தில் குளிர் புதிது, பாஷை புதிது, சாப்பாடும் புதிது. அமெரிக்க மாணவர்களின் சங்கங்களோ தங்களுக்குள்ளேயே கதவைச் சாத்திக்கொண்டவை. 1898இல் அந்தப் பிள்ளைகள் தங்களுக்கென்று 'யூனியன் ஹிஸ்பானோ அமெரிக்கானா' என்று ஒரு சங்கம் வைத்துக்கொண்டார்கள். அமெரிக்காவும் ஸ்பெயினும் யுத்தம் செய்த வருஷம் அது. கியூபாவும் போர்ட்டோ ரிக்கோவும் ஸ்பெயினின் கையைவிட்டுப் போயின. சொந்த மண்ணின் தலைவிதி பத்திரிகைத் தலைப்பாக ஓடிக்கொண்டிருக்கும்போது, அதைப் பற்றித் தங்கள் பாஷையில் பேச நாலு பேர் வேண்டாமா? லத்தீன் அமெரிக்க மாணவர் சங்கங்களின் சரித்திரத்தை இந்தச் சங்கத்திலிருந்துதான் தொடங்குகிறார்கள். இதன் வழிவந்ததும் இதுபோன்ற வேறு சங்கங்களும் ஒன்றுசேர்ந்து 1931இல் 'ஃபை அயோட்டா ஆல்பா' என்ற பெயரில் அமைந்த சங்கம் இன்றும் இருக்கிறது.

"டிராயில் இப்படி ஒன்று நடந்ததா?" என்று கொலம்பியாப் பெண் ஆச்சரியப்பட்டாள். அவளுக்கே தெரியாது! தெரியாமலே மூன்று பேர் அதையே இங்கே செய்துகொண்டிருக்கிறார்கள்.

நான் உளறிய அந்த இன்னொரு கொலம்பியாவுக்கும் ஒரு கதை உண்டு. 1909ஆம் வருஷம், பனி விழும் ஒரு காலைவேளை. ஹாரி எட்மண்ட்ஸ் என்பவர் அந்தப் பல்கலைக் கழகத்து நூலகப் படிகளில் ஏறிக்கொண்டிருந்தார். எதிரே இறங்கி வந்த சீன மாணவர் ஒருவரைப் பார்த்து, வழக்கம்போல ஒரு காலை வணக்கம் சொல்லிவிட்டு மேலே போனார். அந்த மாணவர் நின்றுவிட்டார். நியூயார்க்குக்கு வந்து மூன்று வாரம் ஆகிறதென்றும், தன்னிடம் பேசிய முதல் ஆள் நீங்கள்தான் என்றும் சொன்னாராம். எட்மண்ட்ஸ் வீட்டுக்குப் போய் மனைவியிடம் இதைச் சொன்னார். அந்த அம்மாள் என்ன செய்தாள் தெரியுமா? ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு அப்படிப்பட்ட மாணவர்களை அழைக்க ஆரம்பித்தாள். சாப்பாடு சங்கமாயிற்று. சங்கத்துக்கு வீடு போதவில்லை. ராக்ஃபெல்லர் பணம் கொடுக்க, 1924இல் நியூயார்க்கில் 'இண்டர்நேஷனல் ஹவுஸ்' என்ற பெரிய விடுதியே எழுந்துவிட்டது.

கலிபோர்னியாவில் பெர்க்லி நகரத்திலும் இப்படி ஒரு விடுதி கட்டப் போனபோது ஊரார் கூட்டம் போட்டு எதிர்த்தார்கள். எல்லா நிறத்தவரும், அதிலும் ஆணும் பெண்ணும், ஒரே கூரையின்கீழ் வசிப்பதாவது! எட்மண்ட்ஸ் மசியவில்லை. வெளிநாட்டு மாணவர்களை உள்ளே விடாத சங்கங்களின் மாளிகைகள் வரிசையாக இருந்த தெருவிலேயே இடம் பிடித்து, 1930இல் திறந்துவிட்டார். பொல்லாத மனிதர்தான்!

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். லத்தீன் அமெரிக்கர் என்று நாம் பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். கப்பலேறி வந்து, படித்துவிட்டு ஊர் திரும்புகிறவர்கள் ஒரு வகை. அமெரிக்காவிலேயே பிறந்து, அங்கேயே வளர்ந்து, ஆனாலும் பல்கலைக் கழக வாசலில் அந்நியர்போல் நிறுத்தப்பட்டவர்கள் இன்னொரு வகை. இரண்டாமவர்களுக்கு விருந்துச் சாப்பாடு போதவில்லை. கலிபோர்னியாவின் மெக்ஸிகோ வம்சத்து மாணவர்கள் 1969இல் சாண்டா பார்பராவில் கூடித் தங்கள் பல சங்கங்களை 'மெச்சா' என்ற ஒரே பெயரில் இணைத்தார்கள். தங்கள் மக்களின் சரித்திரத்தைப் பாடமாக வைக்க வேண்டும், தங்கள் பிள்ளைகளுக்கு இடம் தர வேண்டும் என்று கேட்டார்கள். விருந்தாளிக்கு இலை போட்டால் போதும். வீட்டுப் பிள்ளை பங்கல்லவா கேட்பான்?

நம்மவர்கள் மட்டும் சளைத்தவர்களா? கேம்பிரிட்ஜில் படித்த இந்திய மாணவர்கள் 1891இலேயே 'மஜ்லிஸ்' என்று ஒரு சங்கம் வைத்துவிட்டார்கள். ஜவாஹர்லால் நேரு அங்கே அடிக்கடி போவார். ஆனால் பேசக் கூச்சமாம். கல்லூரிப் பேச்சு மன்றத்திலோ, ஒரு பருவம் முழுவதும் வாயைத் திறக்காதவர் அபராதம் கட்ட வேண்டும். பலமுறை அபராதம் கட்டியதாக அவரே சுயசரிதையில் எழுதியிருக்கிறார். இதைச் சொன்னபோது என் மருமகனின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! லண்டனில் 1905இல் தொடங்கிய 'இந்தியா ஹவுஸ்' வேறு தினுசு. பெயருக்கு மாணவர் விடுதி. உள்ளே சுதந்திர வேள்வி. பாரிஸ்டர் படிப்புக்காகப் போன நம் திருச்சி வரகனேரி வ.வே.சு. ஐயர் அங்கே தங்கித்தான் படிப்பை மறந்து தேசத்தை நினைத்தார். வாசலில் எப்போதும் உளவாளிகளின் கண். தனியாக இருக்கிற மாணவனைக் கண்டு யாரும் பயப்படுவதில்லை. நாலு பேர் சேர்ந்தால்தான் சர்க்காருக்குத் தூக்கம் போய்விடுகிறது.

என் சொந்த அனுபவம் இவ்வளவு பிரமாதமானதல்ல. ஐம்பது வருஷத்துக்கு முன் வடக்கே ஒரு நகரத்தில் படிக்கப் போனேன். போன இரண்டாம் மாதம் விஷக் காய்ச்சல். விடுதி அறையில் மூன்று நாள் கிடந்தேன். சாப்பாட்டுக் கூடத்துக்கு நான் வரவில்லை என்பதை ஒருவரும் கவனிக்கவில்லை. மாதக் கணக்கில் அந்த மூன்று நாளையும் சேர்த்துப் பணம் மட்டும் கேட்டார்கள். நான்காம் நாள் அடுத்த அறை அஸ்ஸாம் பையன் கதவைத் தட்டினான். என் பாஷை அவனுக்குத் தெரியாது, அவன் பாஷை எனக்குத் தெரியாது. அரிசியைக் குழைய வடித்து உப்புப் போட்டுக் கொண்டு வந்தான். தங்கைக்கு இதை நான் இதுவரை சொன்னதில்லை. அன்றைக்குச் சிங்கக் கிணற்றடியில் சொன்னேன். "அம்மாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். தெரியாது. அம்மா போய் வெகுநாள் ஆயிற்று.

கோயிலுக்குப் போனவன் எதை எதையோ பேசுகிறானே என்கிறீர்களா? இல்லை, இந்த ஊருக்கும் இதற்கும் நெருங்கிய சம்பந்தம் உண்டு. வாருங்கள், மாளிகைமேடு வரை நடந்துகொண்டே சொல்கிறேன்.

ராஜேந்திரன் என்றால் நமக்குப் படையும் கப்பலும்தான் ஞாபகம் வரும். கங்கை வரை படை அனுப்பினான். வெற்றிச் சின்னமாகக் கல்தூண் நடாமல், சோழகங்கம் என்று ஒரு மாபெரும் ஏரி வெட்டினான். 1025இல் கடல் கடந்து ஸ்ரீவிஜயத்தையும் கடாரத்தையும் அடித்தான். எல்லாம் சரி. ஆனால் தஞ்சைக் கோயிலில் அவனுடைய 19ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. அப்போது அவன் தலைநகர் இந்தக் கங்கைகொண்ட சோழபுரம். சர்வசிவ பண்டிதர் என்ற சைவாசாரியருக்கும், அவருடைய சிஷ்யர்களுக்கும், சிஷ்யர்களின் சிஷ்யர்களுக்கும் ஆண்டுதோறும் 2000 கலம் நெல் என்று அதில் எழுதி வைத்திருக்கிறான். அந்தச் சிஷ்யர்கள் யார்? ஆரிய தேசம், மத்திய தேசம், கௌட தேசம் என்று பெயர் சொல்கிறது கல்வெட்டு. கௌடம் என்பது வங்காளப் பக்கம். அவன் படை போய்வந்த அதே திசை! வாள் போன வழியிலேயே சீடர்களுக்கான நெல்லும் பேசப்படுகிறது.

இன்னொன்றும் பாருங்கள். விழுப்புரம் பக்கத்தில் எண்ணாயிரம் என்று ஓர் ஊர். அங்கே ராஜேந்திரன் காலத்தில் ஒரு பெரிய கல்லூரி. 340 மாணவர்கள். வேதம் முதலியவை படிக்கும் இளையவர் 270 பேர். இலக்கணம், மீமாம்சை, வேதாந்தம் படிக்கும் மூத்தவர் 70 பேர். ஆளுக்கு இத்தனை நெல் என்றுகூட விட்டுவைக்கவில்லை. இளையவனுக்கு நாளைக்கு ஆறு நாழி, மூத்தவனுக்கு ஒரு குறுணி இரு நாழி. இதற்கென்று 45 வேலி நிலம். வேதம் ஓதும் ஒரு வகுப்பாருக்கு மட்டும்தான் அந்தப் பந்தி என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். வயலில் அந்த நெல்லை விளைத்தவன் மகனுக்கு அங்கே இடமில்லை. ஆனாலும் பசித்த வயிற்றில் பாடம் ஏறாது என்பதைச் சோழ அதிகாரிகள் நன்றாகவே அறிந்திருந்தார்கள்.

கடலுக்கு அப்பாலிருந்து வந்தவர்கள்? அதற்கு நாகப்பட்டினம் போக வேண்டும். ஸ்ரீவிஜய மன்னன் தன் மக்களுக்காக அங்கே சூடாமணி விகாரம் என்ற பௌத்தப் பள்ளியைக் கட்டினான். அதற்கு ஆனைமங்கலம் கிராமத்தைக் கொடுத்தவன் ராஜராஜன். அதைச் செப்பேட்டில் பொறித்து உறுதி செய்தவன் ராஜேந்திரன். பின்னால் அந்த ஸ்ரீவிஜயத்தின் மேலேயே படையெடுத்தவனும் இவன்தான். அரசியல் என்பது அன்றும் இப்படித்தான். அந்தச் செப்பேடுகளுக்கு இன்று 'லெய்டன் செப்பேடுகள்' என்று பெயர். ஹாலந்து தேசத்துப் பல்கலைக் கழகம் ஒன்றில் போய்ச் சேர்ந்ததால் வந்த பெயர் அது. விகாரத்தின் மிச்சமாய் நின்ற கோபுரமோ 1867இல் இடிபட்டது.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது அதற்கும் முந்திய ஒரு சாசனம். ஒன்பதாம் நூற்றாண்டில் ஸ்வர்ணத்தீவு, அதாவது சுமத்ரா பக்கத்து அரசன் பாலபுத்ரதேவன், தன் நாட்டிலிருந்து நாளந்தாவுக்குப் போகும் துறவிகளுக்காக அங்கே ஒரு விகாரம் கட்டினான். அதற்கு ஐந்து கிராமங்கள் வேண்டும் என்று வங்காளத்து தேவபாலனைக் கேட்டு வாங்கினான். கிராம வருமானம் எதற்கெல்லாம் என்று செப்பேடு விவரம் சொல்கிறது: பூஜைக்கு, சாப்பாட்டுக்கு, படுக்கைக்கு, சுவடி எழுதுவதற்கு, கட்டிடம் பழுது பார்ப்பதற்கு. நடுவே, நோயுற்றவர்களுக்கு மருந்துக்கு!

இதைச் சொன்னதும் தங்கை நடப்பதை நிறுத்திவிட்டாள். "மருந்துக்கென்று எழுதியா வைத்தார்கள்?" என்றாள். "செப்பேட்டிலேயே எழுதி வைத்தார்கள்" என்றேன். "அந்த ராஜாவுக்கும் யாரோ ஒரு தங்கை இருந்திருப்பாள்" என்றாள்.

மாளிகைமேடு கோயிலிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள்தான். சோழர் அரண்மனை இருந்த இடம். 1980க்குப் பின்னும், 2021 முதலாகவும் தொல்லியல் துறையார் தோண்டியதில் செங்கல் சுவர்கள் வெளிவந்திருக்கின்றன. வெயிலில் அந்தச் சுவர்களைப் பார்த்தால் அரண்மனை என்று நம்ப முடியாது. யாரோ வீடு கட்டத் தொடங்கி, பணம் முடைப்பட்டு நிறுத்தியதுபோல் இருக்கிறது. மண்ணுக்குள் சீனத்துப் பீங்கான் துண்டுகள் கிடைத்தனவாம். சீனப் பாத்திரம் இந்த முந்திரிக் காடு வரை வந்திருக்கிறது என்றால் அதைக் கையாண்டவர்களும் வந்திருப்பார்கள் அல்லவா? அவர்களும் எங்கேயாவது ஒரு மூலையில் உட்கார்ந்து, தங்கள் ஊர்ச் சாப்பாட்டை நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

கொலம்பியாப் பெண்ணும் எங்களோடு மேடு வரை வந்தாள். அங்கிருந்து சிதம்பரம் பஸ் பிடிக்க வேண்டும் என்றாள். சிதம்பரம் என்றதும் அண்ணாமலைப் பல்கலைக் கழகத்தைச் சொல்லாமல் இருக்க முடியுமா? 1929இல் தொடங்கிய அந்தக் கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர், கடல் கடந்து வந்தவர்தான். இலங்கையில் மட்டக்களப்புப் பக்கத்துக் காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள். 1940களில் அங்கே வந்து தமிழ் படித்த யாழ்ப்பாணத்துப் பாதிரியார் தனிநாயகம் அடிகள், பிறகு உலகத்துத் தமிழ் அறிஞர்களையெல்லாம் 1964இல் டில்லியில் ஒரு மன்றமாகச் சேர்த்தார். அந்த மன்றத்தின் முதல் உலகத் தமிழ் மாநாடு 1966இல் கோலாலம்பூரில் கூடியது. தோட்டக் காட்டுக்குக் கூலியாகப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் மலாயாப் பல்கலைக் கழகத்தில் தமிழ்ப் பேரவை அமைத்து, சிறுகதைப் போட்டி நடத்தித் தொகுதியும் போடுகிறார்கள். கடாரம் என்று ராஜேந்திரன் சொன்னது அந்நாட்டின் கெடா மாநிலத்தைத்தான். கப்பற்படையால் அங்கே எத்தனை நாள் நிற்க முடிந்தது? இந்தப் பிள்ளைகளின் பேரவை நிற்கிறது.

சாலைக்கு வந்தோம். பஸ்ஸுக்குக் காத்திருக்கையில், மருமகனும் அந்தப் பெண்ணும் டெலிபோன் எண்களைப் பரிமாறிக்கொண்டார்கள். அவளுடைய தூரத்து உறவினன் ஒருவன் நியூயார்க்கில் படிக்கிறானாம். டிராய்க்கு நாலு மணி நேரத்துக்குள் வந்துவிடலாமாம். பஸ் வந்ததும், டப்பாவைக் கழுவிக் கொடுக்க முடியவில்லையே என்று அவள் தவித்தாள். தங்கை என்னைப் பார்த்து, "டப்பா அவளிடமே இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை மூன்று பேர் சமைக்கிறார்களே, மிச்சத்தை எதில் வைப்பார்களாம்? சொல்லுங்கள் அண்ணா" என்றாள். சொன்னேன். பஸ் நகர்ந்தது. அவள் ஜன்னல் வழியாக மூன்று விரலைக் காட்டினாள். பிறகு நாலாவது விரலையும் சேர்த்துக் காட்டினாள்.

அன்று இரவு கும்பகோணத்தில் மறுபடியும் மூட்டை கட்டும் படலம். எடை பார்க்கும்போது இரண்டு கிலோ கூடிவிட்டது. பார்த்தால், புதிதாக இன்னொரு மாவடு ஜாடி!

"ஒன்று போதாதா அம்மா? எதற்கு இரண்டு?" என்று பிள்ளை அலறினான்.

"ஒன்றுதான்டா உனக்கு" என்று சொல்லிவிட்டு, அவனுடைய சட்டைகளில் இரண்டை எடுத்து வெளியே வைத்தாள் தங்கை.